திகதி எழுதாத பெண்

போட்டிக்கு வரும் டென்னிஸ் வீராங்கனைகளை மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்திலிருந்து ஏற்றி வருவது கோடையில் என் வேலை. பெயர் பெற்றவர்களுக்குக் கார். அவர்களிடம் எதுவும் கேட்பதில்லை. தகுதிச் சுற்றுக்காரருக்கு என் வேன். அவர்களில் பாதிப்பேர் முதல் நாளே தோற்றுவிடுவார்கள் என்பதால், திரும்பிப் போகும் திகதியை ஏறும்போதே எழுதி வாங்கிவிடுவோம்.

செக் நாட்டிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. ராக்கெட் பையை மடியைவிட்டு இறக்கவில்லை. படிவத்தில் திகதியை மட்டும் எழுதாமல் தந்தாள்.

"எல்லாரும் எழுதுவார்கள்," என்றேன்.

"எழுதட்டும். தோற்றால் நானே வந்து சொல்கிறேன்."

படிவங்களை வாங்கிப் பதியும் மேசையில் இருந்த மன்னார்க்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். "நாளைக்கே பெட்டியோட வந்து நிப்பா அண்ணை. நான் திங்கள் எண்டு போடுறன்."

"போடாதையும்," என்றேன். எனக்கு வந்த கோபம் எனக்கே புதிது. அகதியாய் இதே டோர்வலில் இறங்கிய அன்று, எப்போது திரும்பிப் போவாய் என்று என்னையும் கேட்டார்கள்.

அவள் மூன்று ஆட்டம் வென்றாள். நான்காவதில் தோற்றதும் வேனுக்கு வந்து, "தோற்றுவிட்டேன்," என்றாள். சொன்ன சொல் தவறவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பெண்கள் போட்டி மறுபடி மொன்றியலுக்கு வந்தபோது, அவள் உலகின் முதல் பத்துப் பேரில் ஒருத்தி. அவளுக்காகக் கார் நின்றது. அவளோ நேரே என் வேனுக்கு வந்து படிவத்தைக் கேட்டு வாங்கினாள். எல்லாவற்றையும் நிரப்பி, திகதியை மட்டும் விட்டு, என் கையில் தந்துவிட்டுப் போய்க் காரில் ஏறினாள்.

அந்தப் படிவத்தை நான் மேசையில் கொடுக்கவில்லை.