புண்ணியமூர்த்திக்குக் கிடைத்த ஐந்து நிமிடம்

1987இல் சுவிஸின் எம்மன்புரூக்கேயில் இருந்த தமிழர்களில் புண்ணியமூர்த்தியைத் தெரியாதவர் இல்லை. பகலில் நூல் ஆலையில் வேலை. வெளிநாட்டார் பொலிசிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் லீவு எடுத்து, இருந்த ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு மொழிபெயர்க்கப் போவார். அகதி விண்ணப்பம் கொடுத்தவர்கள் விசாரணை அறையில் தமிழில் சொல்வதை அவர் ஜெர்மனில் சொல்ல வேண்டும். அறைக்குள் கேட்டதை வெளியில் மூச்சும் விடமாட்டேன் என்று அதற்கு முன்பே கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்தார். மட்டக்களப்பு மனிதர், அதிகம் பேசாதவர். "வாயால பிழைக்கிற மனிசனுக்கு வாயே இல்ல" என்று மனைவி குணேஸ்வரி கேலி செய்வாள்.

அந்தப் புரட்டாதியில் அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. கல்யாணமாகி ஏழு வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை. முப்பத்தோராம் நாளைச் சனம் கூட்டிச் செய்வதென்று இருவருக்கும் கொள்ளை ஆசை. ஒரே குறை, பிள்ளையை மடியில் வைத்துக் காதில் பெயர் சொல்ல, தகப்பனோடு பிறந்த மாமி பக்கத்தில் இல்லை. புண்ணியமூர்த்தியின் ஒரே தங்கை மட்டக்களப்பில் இருந்தாள். அவளை எப்படிக் கூப்பிடுவது?

"மாமி இல்லாட்டிப் பரவாயில்ல, சனமாவது வரட்டும்" என்று குணேஸ்வரி மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்தச் சனத்துக்குள்தான் சண்முகலிங்கம் கொள்ளிக்கட்டையைப் போட்டார்.

லுசேர்ன் பக்கத்தில் அப்போது ஒரு சின்ன உள்ளூர் வானொலி இருந்தது. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் தமிழருக்கு. அதை நடத்தியவர் சண்முகலிங்கம். யாழ்ப்பாணத்தில் தேர்தல் மேடைகளில் முழங்கிய மனிதர், இங்கே ஹோட்டலில் கோப்பை கழுவினார். மைக்கைக் கண்டால் போதும், ஒரு கிழமைக் களைப்பும் எங்கோ பறந்துவிடும். நிகழ்ச்சிக்கு 'சுடச்சுட' என்று பெயர். நேயர்கள் தொலைபேசியில் வந்து கொட்டலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. முதலில் அரசாங்கத்தைத் திட்டினார்கள், பிறகு இந்தியாவைத் திட்டினார்கள், அதுவும் அலுத்துப்போக ஒருவரையொருவர் திட்டத் தொடங்கினார்கள். சண்முகலிங்கத்துக்கு நல்ல குரல், இல்லையென்று சொன்னால் பாவம். அவர் 'துரோகி' என்று சொன்னால் கேட்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கும். மற்றவர்களுக்கு ஏச்சு விழுந்தபோது புண்ணியமூர்த்தியும் கேட்டு ரசித்தவர்தான்.

பிள்ளை பிறந்து மூன்றாவது ஞாயிறு ஒருவர் தொலைபேசியில் வந்தார். பெயர் வேண்டாம் என்றார்.

"யோகராஜா எண்ட பொடியனைத் திருப்பி அனுப்பினாங்களே, உள்ளுக்க இருந்து ஆர் மொழிபெயர்த்தது? அதைக் கேளுங்கோ!"

சண்முகலிங்கம் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "நேயர்களே, நான் பெயர் சொல்லேல்லை. எம்மன்புரூக்கேயில மொழிபெயர்க்கிறவை எத்தினை பேர் இருக்கினம்? உங்களோட இருந்து திண்டுபோட்டு உங்களையே காட்டிக் குடுக்கிற துரோகியை வீட்டு வாசலுக்கு எடுக்கலாமோ?"

எம்மன்புரூக்கேயில் மொழிபெயர்க்கிறவர் ஒருவர்தான் இருந்தார்.

மறுநாள் பஸ் தரிப்பில் நின்ற நால்வரும் அவரைக் கண்டதும் வேறு பக்கம் பார்த்தார்கள். சடங்குக்குச் சமைக்க வருவதாகச் சொன்ன பெண்கள் ஒவ்வொருவருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. பிள்ளைப்பெற்ற வீட்டுக்குப் பத்தியச் சரக்குத் தூளும் மீனும் கொண்டுவந்த கைகள் நின்றுபோயின. ஊரில் துரோகி என்று பெயர் விழுந்த ஒருவனை சுட்டு மின்கம்பத்தில் கட்டியிருந்ததைப் புண்ணியமூர்த்தி கண்ணால் கண்டவர். இது சுவிஸ் என்று தெரிந்தும், வேலைக்குப் போகும் வழியில் கம்பங்களைப் பார்க்காமல் நடந்தார்.

உண்மை அவரிடம் இருந்தது. யோகராஜாவை யாரும் திருப்பி அனுப்பவில்லை. இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்துவிட்டது, சண்டை முடிந்தது என்று எல்லாரும் நம்பிய ஆகஸ்டில், அவனே பொலிசுக்குப் போய், தனக்கு இங்கே இருக்க முடியவில்லை, அம்மாவிடம் போகவேண்டும் என்று அழுதான். விண்ணப்பத்தைத் தானே மீளப் பெற்றான். காணியை விற்று அனுப்பிய வீட்டுக்கு எந்த முகத்தோடு அதைச் சொல்வான்? திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு போனான்.

"அதைச் சொல்லித் தொலையுங்களேன்" என்றாள் குணேஸ்வரி. "உங்களுக்குக் கையெழுத்தா பெரிசு, பிள்ளையா பெரிசு?"

"கையெழுத்த விடு. அந்தப் பொடியன் ஆருக்கும் சொல்லவேணாம் எண்டு என்னக் கும்பிட்டவன்."

குணேஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புண்ணியமூர்த்தி வானொலி நிலையத்துக்குப் போனார். அதன் பொறுப்பாளர் ரெகுலா என்ற சுவிஸ் பெண். தமிழ் நிகழ்ச்சியை நிறுத்துங்கள் என்று கேட்டார். ரெகுலா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நிறுத்தமாட்டேன்" என்றார் ரெகுலா. "எனக்குப் பிடிக்காததையெல்லாம் நிறுத்தினால் கடைசியில் இங்கே நான் மட்டும்தான் பேசிக்கொண்டிருப்பேன். ஆனால் ஒருவரைப் பற்றிச் சொன்னால், பதில் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. எங்கள் சட்டம் அது. அதே நேரம், அதே மைக். வரும் ஞாயிறு ஐந்து நிமிடம் உங்களுடையது. யாரும் குறுக்கே பேச முடியாது."

புண்ணியமூர்த்தி எரிச்சலோடுதான் வீடு திரும்பினார். சொல்லவேண்டியதைச் சொல்ல முடியாதவனுக்கு ஐந்து நிமிடம் எதற்கு?

ஞாயிறு வந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு போய் மைக் முன் உட்கார்ந்தார். எதிரே சண்முகலிங்கம் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெகுலா.

"நான் புண்ணியமூர்த்தி. நான் ஆரையும் காட்டிக் குடுக்கல்ல. அந்த அறைக்குள்ள என்ன நடந்தது எண்டு சொல்லமாட்டன். இண்டைக்கு அந்தப் பொடியனப் பத்திச் சொன்னா, நாளைக்கு உங்களப் பத்தியும் சொல்லுவன்தானே. வாற சனிக்கிழமை எங்கட பிள்ளைக்கு முப்பத்தொண்டு. வீடு எல்லாருக்கும் தெரியும், மூண்டாம் மாடி. என்னைத் துரோகி எண்டு நினைக்கிறவங்களும் வாங்க. சாப்பிட்டுட்டு முகத்துக்கு நேர கேளுங்க."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சரக்குத் தீர்ந்துவிட்டது. சண்முகலிங்கம் பாட்டுப் போடக் கையை நீட்டினார். ரெகுலா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை உயர்த்தித் தடுத்தார். மீதி நேரமும் புண்ணியமூர்த்தியுடையது. அப்போது தொலைபேசியின் சிவப்பு விளக்கு எரிந்தது. எடுப்பதா என்று ரெகுலா கண்ணால் கேட்டார். இன்னும் நாலு வசவு விழும் என்றே நினைத்தார் புண்ணியமூர்த்தி. விழட்டும் என்று தலையாட்டினார்.

"நான் ஜெயமலர். யோகராஜாவின்ர தங்கச்சி. பெயர் சொல்லித்தான் கதைக்கிறன்."

அடுத்த தெருவில் இருந்து, முதியோர் இல்லச் சமையலறையில் வேலைக்குப் போகிற பெண். அவளுக்கு உண்மை தெரியுமா என்பதே புண்ணியமூர்த்திக்குத் தெரியாது.

"எங்கட அண்ணையை ஒருத்தரும் அனுப்பேல்லை. தானாத்தான் போனவர். போற அண்டைக்கு ரயில் ஸ்டேஷனில வைச்சு எனக்குச் சொல்லி அழுதவர், வெளியில சொல்லாதை எண்டவர். அவற்ற மானத்துக்காக நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன். இந்த மனிசன் இவ்வளவு ஏச்சும் வாங்கிப்போட்டு இப்பவும் சொல்லமாட்டன் எண்டுறார். அவர் சொல்லமாட்டார், அதால நான் சொல்லுறன்."

புண்ணியமூர்த்தி மேசையில் முகத்தை வைத்து அழுதார். சண்முகலிங்கம் பாட்டைப் போட்டார். அடுத்த வாரம் மன்னிப்பு என்று ஏதோ மென்று விழுங்கினார் என்பதையும், பெயர் சொல்லாத நேயருக்கு அதன்பிறகு அங்கே இடமில்லாமல் போனதையும் சொல்லிவிட வேண்டும். நிகழ்ச்சி தொடர்ந்தது. புண்ணியமூர்த்தி அதைத் தொடர்ந்து கேட்டார்.

சனிக்கிழமை மூன்றாம் மாடியிலிருந்து கீழ்வாசல் வரை படியெல்லாம் கழற்றிவைத்த சப்பாத்து. பஸ் தரிப்பு நால்வரும் வந்து பாத்திரம் தூக்கினார்கள். கேள்வி கேட்க ஒருவரும் இல்லை, சோறுதான் போதவில்லை. சண்முகலிங்கம் வரவில்லை, மனைவியிடம் லட்டு கொடுத்தனுப்பியிருந்தார். லட்டு நன்றாகத்தான் இருந்தது.

ஜெயமலர் மட்டும் குசினியில் அடுப்புப் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். புண்ணியமூர்த்தி நன்றி சொல்லத் தேடிப் போனார்.

"அண்ணை இனி என்னோட கதைப்பாரோ தெரியாது" என்றாள் அவள்.

குணேஸ்வரி வந்தாள். பிள்ளையை ஜெயமலரின் மடியில் வைத்தாள்.

"பிள்ளைக்குப் பேர் சொல்ல மாமி இல்லாம நிக்கிறம். நீங்க சொல்லுங்க."

ஜெயமலர் நிமிர்ந்து புண்ணியமூர்த்தியைப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஓம், தங்கச்சி" என்றார். ஊருக்கெல்லாம் கேட்க உண்மையைச் சொன்ன அந்த வாய் குனிந்து, பிள்ளையின் காதுக்கு மட்டும் கேட்கும்படி மூன்று தரம் "சிவகலா" என்றது.