சிந்துஜாவின் கைராசி

முத்துலிங்கத்தின் மருமகளுக்குக் கைராசி உண்டு என்பது கண்டியில் அவருடைய புடவைக்கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். அவரேதான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பெருமைதான். ஆனால் அவர் சொல்லச் சொல்ல சிந்துஜாவுக்கு மூச்சு முட்டியது.

சிந்துஜா மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துப் பெண். அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைத்தாள். முத்துலிங்கத்தின் மகன் யுகேஷைக் காதலித்துக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருடம். ஹாலில் ஒரு நான்கடி மீன் தொட்டி. அதில் மாமாவின் ஆறு ஏஞ்சல் மீன்கள், கறுப்பும் வெள்ளையுமாக, தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை. அவை செழித்தால் வியாபாரமும் செழிக்கும் என்பது மாமாவின் நம்பிக்கை. நம்பிக்கை இருந்ததே தவிர, தண்ணீர் மாற்ற ஆளில்லை. நாறிக் கிடந்த தொட்டியைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் ஒருநாள் கழுவினாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அதன்பின் மீன்கள் தெளிந்தன, கடையில் வியாபாரமும் கூடியது; எல்லாம் அவள் கைராசி என்று சொல்லி மாமா தொட்டியை அவள் பொறுப்பில் விட்டார்.

தை மாதம் கொழும்பு நண்பர் ஒருவர் மூன்று காட்டு ஏஞ்சல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். தென்னமெரிக்க ஆற்றில் பிடித்தவை. சாம்பல் உடம்பு, அதில் கறுப்புக் கோடுகள்.

"கொஞ்ச நாள் தனியா வச்சுப் பாப்போம் மாமா. ஒண்ணோட நோய் இன்னொண்ணுக்குத் தொத்திரும்" என்றாள் சிந்துஜா.

"எல்லாம் ஒரே சாதி மீன்தானேம்மா. ஒண்ணா விடு."

மகன் தோட்டத்துப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்றபோது மூன்று மாதம் அவனோடு பேசாமல் இருந்த மனிதர் மீனுக்கு மட்டும் சாதி பார்க்கவில்லை.

வீட்டு மீன்கள் புதியவற்றைத் துரத்தித் துரத்திக் கொத்தின. அவை மூலையில் ஒண்டிக்கொண்டன; கடைத் தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. சிந்துஜா கைபேசியில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கொட்டம்பா என்கிற நாட்டு வாதுமையின் காய்ந்த இலையை ஊறவைத்து, அவை பிறந்த ஆற்றைப்போலத் தண்ணீரைத் தேநீர் நிறமாக்கினாள். வீட்டு மீன்களுக்கு ஒரு முனையில் தீனி போட்டு ஏமாற்றிவிட்டு, மறு முனையில் கொசுப்புழுவை விட்டாள். புழுவைக் குசினிக்குப் பின்னால் வாளியில் வலை கட்டி வளர்த்தாள். டெங்கு பரிசோதனைக்கு வருகிறவர்கள் கண்டிருந்தால் வழக்குத்தான்.

பங்குனியில் அவளுக்கு ஆசிரியை நியமனம் வந்தது. மடுல்கெல்லயில் அவள் படித்த அதே பாடசாலை. சித்திரைக் கடைசித் திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் நியமனம் ரத்து. கடிதத்தை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனாள்.

"அந்த மூணும் வயிறார திங்கட்டும்மா. அப்புறம் நீ தாராளமாப் போ."

அதை நம்பி அவள் உயிரைக் கொடுத்து வேலை செய்தாள். மூன்று வாரத்தில் மூன்றும் அவள் விரலைத் தேடி மேலே வந்து தின்றன. சேலைக்கு இஸ்திரி போட்டு வைத்தாள்.

கெடுவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, காட்டுப் பெண் மீன் ஒன்று வீட்டுக் கறுப்பனோடு சேர்ந்து வடிகட்டிக் குழாயில் வரிசையாக முட்டை இட்டிருந்தது. மாமா தொட்டிக்கு முன்னால் கற்பூரமே கொளுத்திவிட்டார்.

"காட்டு மீனே நம்ம வீட்டுல முட்ட போட்டிருக்குன்னா சும்மாவா? குஞ்சு பொரிச்சு நீந்துற வரைக்கும் ராசியான கை வாசல் தாண்டக் கூடாது."

"திங்கக்கெழமைக்குள்ள சேரணும் மாமா."

அவர் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் யுகேஷைப் பார்த்தாள். அவன் தொட்டியைப் பார்த்தான். "அப்பா சொல்றதையும் கொஞ்சம் யோசி" என்றான். மாமாமேல் வராத ஆத்திரம் அவளுக்கு அவன்மேல் வந்தது.

சனிக்கிழமை நடுப்பகல் எல்லோரும் கடையில் இருந்தார்கள். வெருண்டால் ஏஞ்சல்கள் தங்கள் முட்டையையே தின்றுவிடும் என்று சிந்துஜாவுக்குத் தெரியும். இரண்டும் முட்டைகளுக்குச் செட்டையால் விசிறிக்கொண்டிருந்தன. அவளைக் கண்டதும் பெண் மீன் பயமில்லாமல் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் கண்ணாடியில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். கறுப்பன் முதலில் முட்டைகளைக் கொத்தத் தொடங்கினான், பிறகு பெண் மீனும். குழாய் சுத்தமாகும்வரை சிந்துஜா அங்கேயே நின்று அழுதாள்.

மீன்கள் வெருளக் கூடாது என்று சொல்லித் தொட்டியைத் துணியால் மூடி வைத்தாள். திங்கட்கிழமை காலை சேலை கட்டி, சான்றிதழ் கோப்போடு ஹாலுக்கு வந்தாள்.

"முட்டையெல்லாம் தின்னுருச்சு மாமா. நான் போய்ச் சேந்துக்கிறேன்."

மாமா துணியை விலக்கித் தொட்டியைக் குனிந்து பார்த்தார். அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தாள், அதற்குப் பதிலும் வைத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை.

"மொத தடவ அப்படித்தாம்மா, நீ கவலப்படாத. ரெண்டு வாரத்துல மறுபடி போடும். நீ வீட்டுல இருந்தே இப்படி ஆயிருச்சே, போயிட்டா என்னாகும்? இனிமே நீ பக்கத்துலயே இருந்து பாத்துக்க."

நான்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை. சொல்லாவிட்டால் வெளியே போக வழியில்லை. கோப்பை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

யுகேஷ் அவள் கையிலிருந்த கோப்பை மெதுவாக வாங்கி அலுமாரிக்குள் வைத்தான். "நீ கஷ்டப்பட வேணாம். வரலன்னு நானே அங்க ஃபோன் பண்ணிச் சொல்லிர்றேன்" என்றான். பெரிய உதவி செய்கிறவன்போல்தான் சொன்னான்.

சிந்துஜா சரி என்று தலையாட்டினாள்.