மூலை அறையின் மணி

தேயிலைத் தோட்ட மேலாளர்கள் குடியிருந்த துரை பங்களா எண்பதுகளின் தொடக்கத்தில் ஹோட்டலாயிற்று. ஆறே அறைகள், எல்லாவற்றிலும் கணப்பு. கோலாலம்பூரிலிருந்து காரில் வருகிறவர்களுக்கான இடம் அது. நான் பக்கத்து மலைநகரமான தானா ராத்தாவில் அரசாங்க அலுவலகக் குமாஸ்தா. அந்த ஹோட்டலில் ஒருநாள் தங்க வேண்டும் என்று அம்மா கேட்டபோது, வயதான காலத்து ஆசை என்றுதான் நினைத்தேன்.

எழுபதுகளில் அம்மா அங்கே ஆயாவாக இருந்தாள். கடைசித் துரையின் மனைவி நோயில் விழுந்து மூலை அறையிலேயே கிடந்தார். கட்டிலோரம் தொங்கும் கயிற்றை அவர் இழுத்தால் சமையலறையில் மணி அடிக்கும். அம்மா ஓட வேண்டும். தலையணை நழுவினால் மணி, திரை ஆடினால் மணி. ஒரு மார்ச் மாதப் பிற்பகலில், பெருமழையில், அவர் தனியாக இறந்துபோனார். கையில் கயிறு இருந்தது. மழைச் சத்தத்தில் மணியே கேட்கவில்லை என்றாள் அம்மா. துரை நம்பினார். அம்மாவுக்குத்தான் அந்த நம்பிக்கை வரவில்லை. இதை அவள் என்னிடம் சொன்னதே டாக்சியில் போகும்போதுதான்.

"மழையில அந்த மணி கேக்குமா கேக்காதான்னு தெரியணும். அவ்ளோதான்லா."

நாங்கள் போன நாள் புதன்கிழமை என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. அம்மா முன்வாசல் பக்கமே திரும்பாமல் சமையலறை வழியாக உள்ளே போனாள். பெட்டியோடு நானும் பின்னால் போனேன். சமையல்காரர் தோட்டக் குடியிருப்பில் எங்கள் லயத்துக்காரர்.

"என்னக்கா, துரையம்மாவா வந்துட்டீங்க போல?"

"வாய மூடிட்டு தேத்தண்ணி போடு."

பேய்க்கதைகள் நிறையப் படித்தவன் நான். எங்களுக்குக் கொடுத்த மூலை அறையில் எதுவும் நடமாடவில்லை. கட்டில் அதே இடத்தில் இருந்தது. விருந்தினர் பார்ப்பதற்காகக் கயிற்றையும் மணியையும் பழுது பார்த்து வைத்திருந்தார்கள். அம்மா கட்டிலில் உட்காரவில்லை.

இரண்டு நாற்பதுக்கு மழை பிடித்தது. நான் சமையலறைக்குப் போனேன். அம்மா கயிற்றை இழுப்பாள்; பிறகு அவளே வந்து கேட்கும்வரை நான் அங்கேயே நிற்க வேண்டும் என்பது பேச்சு. தகரக் கூரையில் மழை அறைந்தது. சமையல்காரர் ஏதோ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. மணி கேட்டது.

கேட்கவில்லை என்று சொல்லிவிட முடிவு செய்து மூலை அறைக்கு ஓடினேன்.

"கேக்கலம்மா. ஒண்ணுமே கேக்கல."

அம்மா கயிற்றை விடாமல் என்னைப் பார்த்தாள்.

"கேக்கலன்னா இப்ப எதுக்கு வந்த?"

தேதியும் நேரமும் பிசகாமல் எழுதி வைக்கிறவனுக்கு ஒரு பொய்யைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"நீ இங்க இரு. நான் போய் நிக்கிறேன்," என்று போனாள்.

கட்டிலில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தேன். சன்னலுக்கு வெளியே மூடுபனியில் தேயிலைச் சரிவு மறைந்திருந்தது. அம்மா வரவில்லை. மறுபடி இழுத்தேன். நடையில் காலடிச் சத்தம் இல்லை. யாரும் வராத அறையில் அப்படிக் காத்திருப்பது என்னவென்று அப்போது தெரிந்தது. மூன்றாம் முறை இழுத்துவிட்டு, பொறுக்க முடியாமல் சமையலறைக்குப் போனேன்.

அம்மா மணிக்குக் கீழே மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு. மூணு தடவ. கால்தான் வரல."

மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அன்னிக்கும் மூணு தடவதான்யா அடிச்சாங்க."