பெரியம்மாவிடம் கொடுத்தனுப்பிய நெஞ்சுநோ

என் பிள்ளைகளே, உங்கள் பெரியப்பாவின் நினைவு மலருக்கு நான் முதலில் எழுதியது இதுவல்ல. "ஒரு நாளேனும் ஆசுப்பத்திரி வாசல் மிதியாதவர்" என்று தொடங்கி நாலு பக்கம் எழுதிப் பெரியம்மாவுக்கு வாசிக்கத் தொடங்கினேன். முதல் வரியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"தம்பி, அதை வெட்டுங்கோ. அதாலதான் மனிசன் போனது. நடந்ததை எழுதுங்கோ. வெக்கப்படுறதுக்கு இனி அவர் இல்லைத்தானே."

அவருடைய சம்மதத்தோடு நடந்ததை எழுதுகிறேன்.

பெரியப்பா நீர்வேலியில் பிறந்தவர். எங்கள் ஐயா, உங்கள் அப்பப்பா, காலமானபோது அவருக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு நாலு. அன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்டத்தில் இறங்கினார். அவர் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்ததால்தான் நான் எட்டாம் வகுப்புவரை படித்தேன். பிறகு இறைப்பு மெசின் வந்தது. அவருடைய பலம் மட்டும் குறையவில்லை. தோளுக்கு ஒன்றாக இரண்டு கதலி வாழைக்குலைகளைத் தூக்கி லொறியில் ஏற்றுவார். குலையில் பழுதிருந்தால் வியாபாரி காணுமுன் தாமே காட்டிவிடுவார். தம் உடம்பில் உள்ள பழுதை மட்டும் ஒருவருக்கும் காட்டமாட்டார்.

பெரியம்மா அப்படியல்ல. மாரி வந்தால் முட்டு வருத்தம், மூச்சு விடப் பாடுபடுவார். கோடையில் முழங்கால் உளைவு. மாதம் ஒருமுறை வெறும் போத்தலோடு பஸ் ஏறி, ஆசுப்பத்திரியில் மருந்து நிரப்பிக்கொண்டு வருவார். "உந்த மனிசி முந்திப் போனால் அந்த மனிசன் என்ன செய்யும்?" என்று ஊர் பெரியப்பாவுக்காகவே இரங்கியது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன மாசியில் ஒரு நாள் அவர் குலையை இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி வரம்பில் இருந்தார்.

"வயசு போட்டுது அண்ணை," என்றேன்.

"உன்ரை வண்டியைப் பார். பிறகு என்ரை வயசைப் பாப்பம்."

என் வயிற்றைக் காட்டிச் சொன்னார். இருவரும் சிரித்தோம். அதோடு விட்டுவிட்டேன்.

அன்று வீட்டில் பெரியம்மாவிடம் அவர் சொன்னது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. "நீ எப்பிடியும் நாளைக்குப் போறாய்தானே. உனக்கு நெஞ்சு இறுக்குதெண்டு சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு வா."

பெரியம்மாவும் அப்படியே சொன்னார். டாக்குத்தர் அவருடைய நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "பாரம் தூக்கினால் கூடுதோ? இடக்கை உளையுதோ?" என்று கேட்டார்.

"கேட்டுச் சொல்லுறன் ஐயா."

"உங்கடை கை, அம்மா. ஆரைக் கேக்கப் போறியள்?"

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொல்லிவிட்டார். டாக்குத்தர் சிரிக்கவில்லை. மருந்தும் கொடுக்கவில்லை. "நோ உள்ள ஆளை நாளைக்கே கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

"குலை வெட்டு முடியட்டும், வாறன்," என்றார் பெரியப்பா. நாலு நாள் வெட்டு. மூன்றாம் நாள் காலை வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்பக் குனிந்தவர் நிமிரவில்லை.

எங்கள் ஒழுங்கையை, இந்தச் சிறு தெருவை, நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு தனித்த ஒரு தாய் இருக்கிறார். தனித்த கிழவர் என்று ஒருவரும் இல்லை. ஆம்பிளைகள் நோயில்லாமல் வாழ்ந்து சட்டென்று போனார்கள் என்று பெருமையாகச் சொல்லுகிறோம். நோய் இருந்தது, சொல்லவில்லை, அவ்வளவுதான். பெண்கள் நோவென்று வாய்விட்டுச் சொன்னார்கள், மருந்து குடித்தார்கள், இருக்கிறார்கள். இருக்கிறார்கள் என்பதால் சுகமாக இருக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பெரியம்மாவுக்கு இந்த மாரியிலும் முட்டு வரும். எழுப்பி இருத்தி முதுகு தடவப் பெரியப்பா இல்லை. இனி முறை வைத்து நீங்கள் அங்கே படுக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை, செய்வீர்கள்.

ஆண்பிள்ளைகள் மூவருக்கும் சொல்லுகிறேன்: உங்கள் நோவை நீங்களே கொண்டுபோங்கள். மகளே, கட்டினவன் கொடுத்தனுப்பினாலும் வாங்காதே. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போ. பெரியப்பாவிடம் கற்க வேண்டிய நல்லவை ஆயிரம் உண்டு. இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

தோட்டத்திலிருந்து அவரைக் கட்டிலோடு சுமந்து வந்த அயலவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், எட்டாம் நாள் சடங்குவரை எங்கள் அடுப்பு எரியாதபடி சோறு அனுப்பிய வீடுகளுக்கும், வெட்டாமல் நின்ற குலைகளைக் கேளாமலே வெட்டி ஏற்றிவிட்டவர்களுக்கும், அஸ்தி கரைக்கக் கீரிமலைவரை கூட வந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இவ்வளவும் எழுதிய மறுநாள், உங்கள் அம்மாவுக்கும் சொல்லாமல் நான் பஸ் ஏறினேன். சில மாதமாகச் சைக்கிளில் எதிர்காற்றுக்கு மிதித்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது. ஆசுப்பத்திரியில் பெண்கள் உட்காரும் வாங்குப் பலகை நிறைந்திருந்தது. ஆண்கள் வாங்கில் மண்வெட்டி பட்டுக் காலில் துணி சுற்றிய ஒருவர் மட்டும் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். என் முறை வந்ததும் உள்ளே போய், டாக்குத்தர் கேட்குமுன்பே சட்டையைக் கழற்றினேன்.