பீலியடியில் எடுத்த படம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களைப் படம் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கண்டாக்கு ஐயா பெயர் கூப்பிடும்போது எப்படி நிற்பார்களோ, கேமராவைக் கண்டாலும் அப்படியே நின்றுவிடுவார்கள். கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருக்கும். மூச்சு உள்ளே போனது வெளியே வராது. "சிரிங்கப்பா" என்றால் பல்லைக் காட்டுவார்கள். அது வேறு, சிரிப்பது வேறு.

ஐம்பதுகளின் நடுவில் நான் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் டச்சிங் வேலை செய்துகொண்டிருந்தேன். நெகட்டிவில் ஒரு மருந்தைத் தடவி, ஊசிபோல் சீவிய பென்சிலால், பூதக்கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்துப் புள்ளி வைக்கிற வேலை. சுருக்கம், மரு, தழும்பு எதுவானாலும் அந்த இடத்தைப் பென்சிலால் நிரப்பிவிட்டால் படத்தில் இருக்காது. நாற்பது வயதுக் கணக்கப்பிள்ளை ஸ்டூடியோவை விட்டுப் போகும்போது இருபத்தைந்து வயதாகிப் போவார். எனக்கு அந்த வேலையில் கொஞ்சம் கர்வமும் இருந்தது, நிறையச் சலிப்பும் இருந்தது.

சலிப்புத் தீரத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளியின் பழைய பெட்டிக் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு, நோட்டன் பிரிட்ஜ் போகிற பஸ்ஸில் ஏறி, எங்கள் தோட்டத்துக்குப் போவேன். கூட்டாளிகளை அவர்கள் அறியாமல் எடுப்பதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தேன். அந்தக் கேமராவை வயிற்றோடு அணைத்து மேலே இருந்து குனிந்து பார்க்க வேண்டும். "பிலிம் இல்லப்பா, சும்மா தொடைச்சுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் குனிந்தபடியே நிற்பேன். பச்சைப் பொய்தான். கொஞ்ச நேரத்தில் என்னை மறந்துவிடுவார்கள். அப்போது எடுப்பேன்.

அப்படி எடுத்ததில் ஒன்று என் உயிர்க் கூட்டாளியின் படம். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். ஆறு வயதில் அவனுக்குப் பெரியம்மை வார்த்து, பிழைத்ததே பெரிது என்றார்கள். முகம் நிறையத் தழும்பு. அவனுடைய அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், அதைத் தழும்பு என்று சொல்ல விடமாட்டார். "மாரியாத்தா போட்ட முத்துடா அது. உசுரக் குடுத்துட்டு முத்தையும் குடுத்துட்டுப் போனா" என்பார். பிள்ளை பிழைத்ததற்காக ஏழு வருஷம் திருவிழாவில் தீச்சட்டி எடுத்தவர். மகனுக்கோ அந்த முத்தால் பெருமை ஒன்றும் இல்லை. சிரிக்கும்போதெல்லாம் கையைக் கொண்டுபோய் முகத்தை மறைத்துக்கொள்வான்.

அன்றைக்கு மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர்க் குடத்தோடு நின்ற அவன் மனைவி ஏதோ சொல்ல, ஈர முகத்தோடு நிமிர்ந்து சிரித்தான். கை முகத்துக்கு வருவதற்குள் நான் எடுத்துவிட்டேன். படத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவன் முகம் செத்துவிட்டது.

"என்னடா மச்சான் இது? பூச்சி அரிச்ச கொழுந்து மாதிரி இருக்கேன். கிழிச்சுப் போடு."

கிழிக்கவில்லை. ஆனால் அவனுக்கு அப்போது ஒரு படம் தேவைப்பட்டது. அத்தை அதற்கு மூன்று வருஷம் முன்பே தன் தம்பியின் குடும்பத்தோடு இந்தியாவுக்கு, திருச்சிப் பக்கம், போய்விட்டிருந்தார். 'கண்ணை மூடுவதற்குள் மகன் முகத்தைப் பார்க்க வேண்டும்' என்று கடிதம் வந்தபடியே இருந்தது. இவனால் போக முடியாது. இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தான். விசாரணை முடிகிற வரைக்கும் நாட்டை விட்டுக் காலை எடுத்து வைத்தால் மனு போச்சு என்று எல்லோரும் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். மனு போனால் பெண்டாட்டி பிள்ளையோடு நடுத்தெரு. ஆள் போக முடியாத இடத்துக்குப் படமாவது போகட்டும் என்று ஹட்டனுக்கு வந்தான்.

"நல்லா வழுவழுன்னு போடுடா. எங்கம்மா பாத்தா அசந்து போகணும்."

ஸ்டூடியோ கோட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தேன். இரண்டு மத்தியானம் உட்கார்ந்து ஒரு தழும்பு விடாமல் நிரப்பினேன். முதலாளியே எட்டிப் பார்த்துவிட்டுப் "பலே" என்றார். அவன் மனைவி மட்டும் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "யாருண்ணே இது, தொரை மாதிரி?" என்று கேட்டாள். மூன்று பேரும் சிரித்தோம். தபாலில் சேர்த்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவனுக்குப் படிக்க வராது. அவனுக்கு வரும் கடிதங்களைப் படிப்பதும் நான்தான், அவன் சொல்லச் சொல்ல எழுதுவதும் நான்தான். அவன் காம்பரா வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அந்தக் கிராமத்தில் யாரோ ஒருவர் அத்தை சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார்.

"வந்த படம் எம் மவன் இல்ல. யாரோ ஒருத்தன் படத்த அனுப்பி என்னைய ஏமாத்துறீங்க. எம் புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு. ஆயிருச்சுன்னா சொல்லிருங்க, நான் தலை முழுகிர்றேன். மறைக்காதீங்க."

கீழே அத்தையின் தம்பி, அவனுடைய மாமா, தன் கையால் இரண்டு வரி சேர்த்திருந்தார். படம் வந்த நாளிலிருந்து அக்கா சோறு தொடவில்லை, கஞ்சித் தண்ணீர்தான், இப்படியே போனால் தாங்காது என்று.

எங்களில் இது புதிதில்லை. கடல் தாண்டி இருக்கிற பெற்றவளிடம் சாவுச் செய்தியை எடுத்த எடுப்பில் யாரும் சொல்வதில்லை. 'இங்கு எல்லோரும் சுகம்' என்று இரண்டு மூன்று கடிதம் போட்டுவிட்டுத்தான் மெதுவாகச் சொல்வார்கள். அத்தையே அப்படி எத்தனையோ பேருக்கு மறைத்தவர்தான். ஆகையால் 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று அவன் பெயரில் நான் ஆயிரம் கடிதம் எழுதினாலும் பிரயோசனம் இல்லை. எப்போதும் இருந்த அதே கையெழுத்து, என்னுடைய கையெழுத்துத்தானே.

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்கம்மா நான் செத்துட்டேன்னு பட்டினி கெடக்குதுடா" என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு அழுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. பலே வாங்கிய வேலை!

"அந்தப் பீலிப் படம் இருக்காடா?" என்று அவனே கேட்டான்.

நெகட்டிவ் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்தது. மறுநாளே பெரிதாக்கிப் போட்டுப் பார்த்தேன். தழும்பெல்லாம் அப்படியே இருந்தது. ஈரம் பட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இந்த முறை பென்சிலைத் தொடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். இடது புருவத்து ஓரத்தில் மட்டும் கடுகளவு கறுப்புப் புள்ளி ஒன்று. மலிவு பிலிமில் இப்படி ஓட்டை விழும். எங்கள் ஊர் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். பிலிம் ஓட்டையை அடைப்பது டச்சிங் ஆகாது, துப்புரவு. அந்த ஒன்றை மட்டும் அடைத்துப் படத்தைப் போட்டு அன்றைக்கே தபாலில் அனுப்பினேன்.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவை எடுக்கவில்லை. அவன் காம்பரா வாசலில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன். அவன் மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைப்பாள். தபால் பற்றி யாரும் பேச்செடுக்க மாட்டோம். அவன் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறான் என்று அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள்.

ஐந்தாம் வாரம் கடிதம் வந்தது. அவன் காம்பரா வாசலிலேயே பிரித்துப் படித்தேன்.

"எம் புள்ளதான். சிரிப்பும் அவந்தான், முத்தும் அவனுதுதான். படத்தப் பாத்த அன்னிக்கே சோறு வடிக்கச் சொல்லித் தின்னேன்."

அவன் மனைவி "ஆத்தா, மாரியாத்தா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இன்னும் நாலு வரி இருந்தது. அதைக் கண்ணால் படித்துவிட்டு நான் நின்றுபோனேன்.

"என்னடா நிறுத்திட்ட? எங்கம்மாவுக்கு என்னவாம்?"

படித்தேன். "ஆனா எடது புருவத்து ஓரத்துல ஒரு குட்டி முத்து இருக்குமே, அது எங்க? மொத மொதல்ல எறங்கினது அதுதான். பக்கத்துக் காம்பரா பய வேலையாத்தான் இருக்கும். எடுத்தத திருப்பி வைக்கச் சொல்லு."

நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு மத்தியானம் பார்த்த முகம். இடது புருவத்தின் ஓரத்தில், மயிருக்குள் பாதி மறைந்து, கடுகளவில் அது இருந்தது.

திங்கட்கிழமை பஞ்சைக் கற்பூரத் தைலத்தில் தொட்டு, நெகட்டிவில் நான் வைத்த பென்சில் புள்ளியைத் துடைத்து எடுத்தேன். புதிதாக ஒரு படம் போட்டு, பின்பக்கத்தில் எழுதினேன்: "திருப்பி வைத்துவிட்டேன், அத்தை."