ஓட்டை போடாத பால் டின்

எங்கள் ரப்பர்த் தோட்டத்து வாசலில் பெண்களைச் சோதனை போடும் அஞ்சலை அக்காவுடன் யாரும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. சேலைக் கொசுவத்தைக்கூட உதறிப் பார்ப்பார். நானும் பேசியதில்லை.

இந்த அவசரகாலத்தில் காட்டில் ஒளிந்து போராடும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாதென்று, நாள்பட வைக்க முடியாதபடி பால் டின்னில் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். சென்ற மாதம் என் எட்டு மாத மகனுக்கு வயிற்றுப்போக்கு. ஓட்டை வழியே ஈ போனதுதான் காரணமோ என்று மனம் அடித்துக்கொண்டது. பக்கத்து ஊரான டுரியான் துங்காலில் கடைக்காரரிடம் கெஞ்சி, ஓட்டை போடாத டின் ஒன்றை வாங்கிப் பிள்ளையின் துணிகளுக்குள் சுற்றிக்கொண்டேன். “மாரியாத்தா, இவள் கையில் மாட்டாமல் காப்பாற்று” என்று வேண்டியபடியே பிள்ளையோடு சோதனைத் தட்டி மறைப்புக்குள் போனேன்.

தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டார்.

“படிச்ச பொண்ணு செய்யற வேலையா லா இது? உன்னப் பிடிச்சிட்டுப் போனா இவன யாரு பார்ப்பா?”

“ஓட்டையில ஈ மொய்க்குதுக்கா... பிள்ளைக்கு வயித்துப்போக்கு...” என்று அழுதேன்.

அவர் டின்னில் ஓர் ஆணியை வைத்துக் கல்லால் அடித்தார். சத்தம் கேட்டு, வெளியே நின்ற போலீஸ்காரர் என்னவென்று அதட்டினார்.

“பால் டின்னுதான் லா! ஓட்டை அடைச்சிக்கிச்சு!”

பிறகு என்னிடம், “வீட்டுக்குப் போனதும் சுடுதண்ணியில கழுவின போத்தல்ல ஊத்தி மூடி வை. பிள்ளைக்கு இப்ப தேவலையா?” என்றார்.

யார் கையில் மாட்டக் கூடாதென்று வேண்டினேனோ, அந்தக் கையாலேயே அம்மன் காப்பாற்றினாள். இப்போது பாலைப் போத்தலில்தான் வைக்கிறேன். வாசலுக்கு வந்தால், மகனை அஞ்சலை அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் பையைத் திறக்கிறேன்.