அவுட்டோர் எந்தப் பக்கம்?

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக்கு ஏசி மாட்ட வந்த மெக்கானிக்கின் பெயரை நான் கேட்கவில்லை. ஒல்லியான ஆள், காதில் பென்சில். சுவரில் குறி வைக்கும் முன் அதை ஒருமுறை நாக்கில் தொட்டுக்கொள்வார்.

அவர் பெட்டியை இறக்கியபோது, நானும் பக்கத்து வீட்டுக்காரரும் வாசலில் வாதாடிக்கொண்டிருந்தோம். ஊர் இப்படிக் கொதிப்பதற்கு மனிதன் விடும் புகைதான் காரணம் என்றேன் நான். பூமி தானாகச் சூடாகும், தானாக ஆறும், இதில் மனிதன் பங்கு ஒன்றுமில்லை என்றார் அவர்.

“அவுட்டோர் யூனிட்ட எங்க சார் மாட்றது?” என்று குறுக்கிட்டார் மெக்கானிக்.

பக்கத்து வீட்டைப் பார்த்த சுவரைக் காட்டினேன். பென்சில் நாக்கைத் தொட்டது. சுவரில் ஒரு புள்ளி விழுந்தது.

“ஐயோ, அனல் பூரா என் கிச்சனுக்குள்ள வருமே!” என்று பதறினார் பக்கத்து வீட்டுக்காரர்.

“ஒரே ஒரு ஏசியால என்ன சார் பெருசா சூடாயிடப் போகுது?” என்றேன் நான்.

மெக்கானிக் பென்சிலைக் காதில் செருகினார். “இன்னா சார், ரெண்டு பேரும் கட்சி மாறிக்கினீங்க? பேசி முடிச்சிட்டு போன் பண்ணுங்க, வரேன்.”

அவர் சிரித்தாரா, கோபப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. புள்ளி சுவரில் அப்படியே இருக்கிறது. ஏசி இன்னும் பெட்டியில்தான். அதன்மேல் உட்கார்ந்துதான் இப்போது வாதாடுகிறோம்.